டிபிகேப் தரவுக்கு விண்ணப்பிப்பது எப்படி: இந்திய ஆய்வகங்களுக்கு ஒரு வழிகாட்டி

நோய்களின் ஜீனோமிக்ஸில் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறீர்கள். கைடு ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து, "இவர்கள் தரவையே எடுத்து நம் கேள்விக்கு ஓட்டிப் பார்" என்கிறார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பிஎச்எஸ் என்று தொடங்கும் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது. அந்தத் தரவு இருக்கும் டிபிகேப் தளத்துக்குப் போனால் இறக்கிக்கொள்ளப் பொத்தான் எதுவும் இல்லை. "கட்டுப்படுத்தப்பட்ட அணுகல்" என்ற அறிவிப்புத்தான் இருக்கிறது. அங்கிருந்து தரவு உங்கள் சர்வருக்கு வந்து சேரும் வரையிலான வேலைகளை இந்தக் கட்டுரை வரிசைப்படி சொல்கிறது.

டிபிகேப் என்பது அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் நடத்தும் களஞ்சியம். நோயாளிகளின் ஜீனோம் தரவும் அவர்களுடைய நோய் விவரங்களும் அதில் சேர்ந்தே இருக்கும். தரவுக்குக் கட்டணம் கிடையாது. செலவெல்லாம் காலத்திலும் சேமிப்பிடத்திலும்தான். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் முடியும். அடியிலிருந்து தொடங்கினால் ஒரு செமஸ்டர் போய்விடும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தாமதத்தில் பெரும்பங்கு அமெரிக்காவில் நடப்பதில்லை, உங்கள் வளாகத்துக்குள்ளேயே நடக்கும். பதிவாளர் அலுவலகம், எத்திக்ஸ் கமிட்டி, ஐடி பிரிவு ஆகிய மூன்று மேசைகளிலும் கோப்பு ஒரே சமயத்தில் நகர்ந்தால் பாதி காலம் மிச்சம்.

1. விண்ணப்பம் தேவைதானா என்று பாருங்கள்

பலருக்குத் தேவையே இருக்காது. உதாரணத்துக்கு டிசிஜிஏ என்ற பெரிய புற்றுநோய் ஜீனோம் திட்டத்தின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியில் வந்த சோமாட்டிக் மியூட்டேஷன்களின் வடிகட்டிய பட்டியல், ஜீன் எக்ஸ்பிரஷன் எண்ணிக்கைகள், மெத்திலேஷன், அடிப்படை மருத்துவ விவரங்கள் எல்லாமே அந்தத் தரவை வைத்திருக்கும் ஜிடிசி தளத்தில் திறந்தே கிடக்கின்றன, கணக்குக்கூட வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் எந்த ஜீன் அடிக்கடி மாறுகிறது, எந்த எக்ஸ்பிரஷன் அளவு ஆயுளோடு தொடர்புடையது என்பதுதான் கேள்வி என்றால் அதுவே போதும். நோயாளி பிறப்பிலேயே கொண்டுவந்த ஜெர்ம்லைன் வேரியன்ட், அதாவது மரபு மாற்றம் வேண்டும், டிஎன்ஏ வரிசைத் துண்டுகள் உள்ள பாம் கோப்பிலிருந்து அவற்றை நீங்களே கண்டறிய வேண்டும் என்றால்தான் விண்ணப்பம்.

அதேபோல, ஜீனோம் முழுக்க நோயோடு தொடர்புள்ள வேரியன்ட்களைத் தேடும் ஜீவாஸ் ஆய்வு முடிவுகளின் தொகுப்புப் புள்ளிவிவரம் மட்டும் போதுமென்றால் ஜீவாஸ் கேட்டலாக்கில் தேடுங்கள். ஒரு வேரியன்ட் தெற்காசியர்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று தெரிய நோமாட் என்ற திறந்த தரவுத்தளம் போதும். தனிநபர் அளவிலான ஜீனோடைப்பே, அதாவது ஒவ்வொருவரிடமும் எந்த வேரியன்ட் இருக்கிறது என்ற விவரமே வேண்டும், நோய் விவரம் வேண்டாம் என்பவர்களுக்கு 1000 ஜீனோம்ஸ் திட்டம் முழுக்கத் திறந்தது. அதன் 2,504 பேரில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். இந்திய மக்கள்தொகையின் ஜீனோம்களே வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் ஜீனோம் இந்தியா தொகுப்பு. அதன் விண்ணப்ப முறை வேறு. இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

டிபிகேப்தான் வேண்டும் என்று உறுதியானால், விண்ணப்பிக்கும் முன் அந்த ஆய்வின் பொதுப் பக்கத்தை முழுக்கப் படியுங்கள். எத்தனை பேர், எந்தெந்த அளவீடுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு மதிப்பு இருக்கிறது என்பதையெல்லாம் அனுமதி இல்லாமலேயே பார்க்கலாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இருக்கும் என்று நம்பி மூன்று மாதம் காத்திருந்துவிட்டு, உள்ளே போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைத் தவிர்க்க அரை மணி நேர வாசிப்புப் போதும்.

2. ஒப்புதல் குறியீடுகளைப் படியுங்கள்

விண்ணப்பத்தின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரே ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே ஒப்புதல் தந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பிஎச்எஸ் எண்ணுக்குள்ளும் தரவு சி1, சி2 என்று ஒப்புதல் குழுக்களாகப் பிரிந்திருக்கும். நீங்கள் கேட்பது ஆய்வை அல்ல, இந்தக் குழுக்களை.

அடிப்படைக் குறியீடு மூன்று. ஜிஆர்யு என்றால் பொதுவான ஆராய்ச்சிக்கு எதற்கும் ஆகும். எச்எம்பி என்றால் உடல்நலம், மருத்துவம் சார்ந்த ஆய்வுக்கு மட்டும். மக்கள் எங்கிருந்து வந்தார்கள், பரம்பரை என்ன என்று ஆராய இடமில்லை. மக்கள்தொகை மரபியல் பக்கம் இருந்து வருபவர்கள் வழக்கமாக இடறுவது இதில்தான். டிஎஸ் என்றால் குறிப்பிட்ட நோய்க்கு மட்டும். இதய நோய்க்கென்று டிஎஸ் போட்ட தரவை வைத்து நீரிழிவை ஆராய முடியாது. "நீரிழிவு இதயத்தையும் பாதிக்குமே" என்ற வாதம் எடுபடாது. இதய நோய்தான் உங்கள் கேள்வியின் மையம் என்று திட்டத்திலேயே தெரிய வேண்டும்.

அடிப்படைக் குறியீட்டின் பின்னால் ஒட்டிவரும் துணைக் குறியீடுகள்தான் கூடுதல் ஆவணங்களைக் கேட்கும்:

- ஐஆர்பி: உங்கள் நிறுவன எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கடிதம் இணைக்க வேண்டும்.
- சிஓஎல்: அந்த ஆய்வை நடத்திய முதன்மை ஆய்வாளரிடமிருந்து கூட்டாய்வுக் கடிதம் வாங்க வேண்டும். அவர் பதில் போடவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.
- பப்: முடிவுகளை வெளியிடுவேன் என்று உறுதி தர வேண்டும்.
- என்பியு: லாப நோக்கற்ற பயன்பாடு மட்டும். திட்டத்தில் தனியார் நிறுவனம் பங்கேற்றால் இந்தக் குழுவை விட்டுவிடுங்கள்.
- எம்டிஎஸ்: மென்பொருள், அல்காரிதம் உருவாக்கும் ஆய்வுக்கும் அனுமதி உண்டு.
- ஜிஎஸ்ஓ: மரபியல் ஆய்வுக்கு மட்டும்.

ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வு, அதாவது பிஎச்எஸ் 000007, நல்ல உதாரணம். அதன் ஒரு குழு எச்எம்பி-ஐஆர்பி-எம்டிஎஸ், இன்னொன்று எச்எம்பி-ஐஆர்பி-என்பியு-எம்டிஎஸ். இரண்டுக்கும் எத்திக்ஸ் கடிதம் கட்டாயம். அதைக் கவனிக்காமல் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டுக் கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

3. விண்ணப்பதாரர் யார்?

ஆராய்ச்சி மாணவரோ போஸ்ட்டாக்கோ விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பதாரர் நிறுவனத்தின் நிரந்தர ஊழியராக, உதவிப் பேராசிரியர் அல்லது மூத்த விஞ்ஞானி நிலையில், ஆய்வகத்தை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருக்க வேண்டும். ஒப்பந்தத் திட்ட விஞ்ஞானி, கௌரவ விரிவுரையாளர் பெயரில் அனுப்பினால் திரும்பி வரும். எனவே உங்கள் கைடுதான் பி.ஐ., அதாவது விண்ணப்பத்தின் முதன்மை ஆய்வாளர். படிவத்தை நிரப்பும் வேலை உங்களுடையது. கணக்கும் கையெழுத்தும் அவருடையவை. அவர் தன் கடவுச்சொல்லை உங்களிடம் கொடுத்து "நீயே பார்த்துக்கொள்" என்பது நம் ஆய்வகங்களில் சகஜம். அது விதிமீறல். அவர் உள்ளே நுழைந்து உங்களைத் தரவு இறக்குநராக நியமித்தால் உங்கள் கணக்கிலிருந்தே இறக்கலாம்.

வேறு கல்லூரியில் இருக்கும் கூட்டாளிக்குத் தரவை நீங்கள் அனுப்ப முடியாது. அவர் தன் நிறுவனம் வழியாகத் தனி விண்ணப்பம் போட வேண்டும். இரு விண்ணப்பத்திலும் ஒருவர் பெயரை மற்றவர் குறிப்பிட வேண்டும். அதேபோல கைடு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அனுமதி அவரோடு போகாது. பழைய இடத்தில் திட்டத்தை மூடிவிட்டு, புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைடு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றால் முனைவர் பட்டக் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. நிறுவனப் பதிவு

விண்ணப்பம் ஈஆர்ஏ காமன்ஸ் என்ற என்ஐஎச் கணக்கு வழியாகத்தான் போகும். நிறுவனம் அதில் பதிவாகியிருக்க வேண்டும், பி.ஐ.க்கு ஒரு கணக்கு, கையொப்ப அதிகாரிக்கு வேறொரு கணக்கு. இரண்டு பொறுப்பும் ஒரே கணக்கில் இருக்க முடியாது.

முதல் வேலை: ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். என்ஐஎச் நிதிக்கு எப்போதாவது விண்ணப்பித்த பேராசிரியர் யாராவது இருந்தால் அநேகமாக இருக்கும். ஆனால் அன்று கையொப்ப அதிகாரியாக இருந்த டீன் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், கணக்கு அவருடைய பழைய மின்னஞ்சலில் முடங்கிக் கிடக்கும். அப்படியானால் புதிய பதிவு போடாதீர்கள். ஈஆர்ஏ உதவி மையத்துக்கு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து எழுதி அதிகாரியை மாற்றச் சொல்லுங்கள். இரட்டைப் பதிவு உருவானால் அவிழ்ப்பது பெரும்பாடு.

பதிவே இல்லையென்றால் வரிசை இது:

முதலில் யுஇஐ என்ற 12 எழுத்து-எண் அடையாளம். அமெரிக்க அரசின் சாம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கே இரண்டு வழி காட்டும்: முழுப் பதிவு, அடையாள எண் மட்டும். முழுப் பதிவு அமெரிக்க அரசு நிதி கேட்பவர்களுக்கு. அதற்கு என்கேஜ் என்ற இன்னொரு எண்ணும் வாங்க வேண்டும். தரவு மட்டும் கேட்பவருக்கு எண் மட்டும் பெறும் வழி போதும். தேடுபொறியில் மேலே வரும் "பதிவு செய்து தருகிறோம்" தளங்கள் தனியார் முகவர்கள். அரசுத் தளம் ஒரு பைசா கேட்காது.

இங்கே தடை எங்கே வரும் என்றால், பெயரிலும் முகவரியிலும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், கட்டட முகவரி இரண்டும் தெரியும் ஆவணம் கேட்பார்கள். பதிவுச் சான்றிதழில் அறக்கட்டளையின் பெயரும், பான் அட்டையில் கல்லூரியின் பெயரும், கடிதத்தாளில் சுருக்கப் பெயருமாக இருப்பது நம் ஊரில் வழக்கம். மூன்றையும் அனுப்பிக் குழப்பாதீர்கள். சட்டப்படியான பெயர் எதுவோ அதை மட்டும் எல்லா இடத்திலும், ஒரு கமா மாறாமல் தாருங்கள். முகவரிக்கு அண்மைக்கால ஆவணமாகப் பாருங்கள். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணம் என்றால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்புச் சேருங்கள்.

அடுத்து ஈஆர்ஏ காமன்ஸில் நிறுவனப் பதிவு. கையொப்ப அதிகாரியாக நிறுவனத்தின் சார்பில் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் உள்ளவர் வேண்டும்: பதிவாளர், இயக்குநர், ஆராய்ச்சி டீன். துறைத் தலைவர் போதாது. அவரிடம் போகும்போது ஒரு பக்கக் குறிப்பு எடுத்துச் செல்லுங்கள்: இது நிதி ஒப்பந்தம் அல்ல, நிறுவனத்துக்குப் பணச்செலவு இல்லை, ஆனால் தரவுப் பாதுகாப்புக்கு நிறுவனம் பொறுப்பு. கடைசி வரியை மறைக்காதீர்கள். பின்னால் ஐடி பிரிவு மூலம் தெரிய வந்தால் கோப்பு சட்ட ஆலோசகரிடம் போய்த் தங்கிவிடும்.

உள்நுழைவுக்கு லாகின்.கவ் வழியாக இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டு. அலைபேசிக் குறுஞ்செய்தியை நம்பாமல் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள். காப்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பூட்டி வையுங்கள்.

5. ஐடி பிரிவின் உறுதி

2025 ஜனவரி 25 முதல் விதி இறுகியிருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்ட ஜீனோம் தரவு வைக்கும் கணினி அமைப்பு நிஸ்ட் 800-171 என்ற பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்ப இருப்பதாக உறுதி தர வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் ஐஎஸ்ஓ 27001/27002-க்கு இணையான தரத்தைக் காட்டலாம். விண்ணப்பத்தில் ஐடி இயக்குநர் என்று ஒருவர் பெயரும் வேண்டும். ஆய்வகத்தில் லினக்ஸ் தெரிந்த பையனை அங்கே போடக் கூடாது. நிறுவன அளவில் கணினிப் பாதுகாப்புக்கு அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும்.

அவர் கேட்கப்போவது இவைதான். முன்பே எழுதிக் கொடுங்கள்: எந்த சர்வர், எந்த அறை, யார் யாருக்கு உள்நுழைவு, வட்டு என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு வைக்கப்படுகிறதா, வெளியிலிருந்து வருவோருக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா, பேக்கப் எங்கே போகிறது. பெரும்பாலான துறைச் சர்வர்கள் விழுவது ஒரே இடத்தில்: ஒரு பயனர் பெயர், ஆய்வகம் முழுக்கத் தெரிந்த ஒரு கடவுச்சொல். அதை முதலில் ஒழியுங்கள். சில குறைகள் உடனே தீராது என்றால் எதை எப்போது சரிசெய்வீர்கள் என்ற திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும்.

வளாகத்தில் வழியில்லை என்றால் அந்தத் தரத்தைப் பூர்த்தி செய்யும் கிளவுட் சேவை. அப்போது விண்ணப்பத்தில் கிளவுட் பயன்பாட்டு விளக்கம் தனியாக எழுத வேண்டும். அங்கேயே கணக்கிட்டு அங்கேயே முடிவை எடுத்தால் செலவு கட்டுப்படும். மூலத் தரவை வெளியே இழுத்தால் அமேசான் கிளவுடின் பொதுக் கட்டணம் ஒரு ஜிபிக்கு 9 சென்ட் அளவில் ஆரம்பிக்கும், அதாவது ஒரு டெராபைட்டுக்குச் சுமார் 90 டாலர்.

6. எத்திக்ஸ் கமிட்டி கடிதம்

ஐஆர்பி குறியீடு இல்லாத குழுக்களுக்கு டிபிகேப் இதைக் கேட்காது. உங்கள் பல்கலைக்கழகம் ஆய்வேட்டுக்குக் கேட்கலாம். அது வேறு கதை.

தேவைப்பட்டால், மருத்துவ ஆராய்ச்சிக்கென்று சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு பெற்ற கமிட்டியாக இருக்கிறதா பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அப்படி ஒன்று இருக்காது. பதிவு பெற்ற பக்கத்து நிறுவனத்தின் கமிட்டியை நாட வேண்டும், இரு நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி கமிட்டி மூன்று விதமாகக் கோப்பைக் கையாளலாம்: பரிசீலனையிலிருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டிப் பரிசீலனை. அடையாளம் நீக்கிய தரவுதானே என்று செயலர் விலக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார். ஐஆர்பி குறியீடு உள்ள தரவுக்கு விலக்குக் கடிதம் செல்லாமல் போக வாய்ப்பு அதிகம். கேட்கும்போதே விரைவுப் பரிசீலனையாகக் கேளுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: விண்ணப்பத்தில் உள்ள அதே தலைப்பு எழுத்துக்கு எழுத்து, பி.ஐ. பெயர், பிஎச்எஸ் எண்கள், ஒப்புதல் தேதி, முடியும் தேதி. தலைப்பு ஒத்துப்போகாததால் திரும்பி வருவது மிகச் சாதாரணம். ஆகவே தலைப்பை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு தொடாதீர்கள். கமிட்டி மாதத்துக்கு ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோதான் கூடும். கட்டணம் உண்டா என்பதையும் செயலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. ஆய்வுப் பயன்பாட்டு விளக்கம்

இதற்கு 2,200 எழுத்து மட்டும், இடைவெளியும் சேர்த்து. கூடவே பொதுமக்களுக்குப் புரியும் சுருக்கம் 1,100 எழுத்தில். அனுமதி கிடைத்ததும் இவை பி.ஐ. பெயரோடு தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். காப்புரிமைக்கு வைத்திருக்கும் யோசனையை இதில் கொட்டாதீர்கள்.

பரிசீலிப்பவர் தேடுவது நாலே விஷயம்: நோக்கம் என்ன, எந்தத் தரவு எதற்கு, என்ன பகுப்பாய்வு, இது ஒப்புதல் குறியீட்டுக்குள் எப்படி அடங்குகிறது. "இரண்டாம் வகை நீரிழிவின் ஜீனோமிக்ஸை ஆராய்வோம்" என்று எழுதினால் கேள்விதான் வரும். இப்படி எழுதுங்கள்: "இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும், இன்சுலின் சுரப்பில் பங்குள்ள ஜீன்களில் புரதத்தைச் சிதைக்கும் அரிய வேரியன்ட்களின் சுமையை ஒப்பிடுவோம். இந்த ஆய்வின் எக்ஸோம் தரவும், வயது, பாலினம், உடல் பருமன் குறியீடு ஆகிய அளவீடுகளும் தேவை. ஒவ்வொரு ஒப்புதல் குழுவையும் தனியே பகுப்பாய்ந்து முடிவுகளை மெட்டா அனாலிசிஸ் மூலம் சேர்ப்போம். தனிநபர்களை அடையாளம் காண முயல மாட்டோம். ஆய்வு உடல்நலம் சார்ந்தது. மக்கள் தோற்றம் பற்றியது அல்ல." கடைசி வாக்கியம் எச்எம்பிக்காக.

டிஎஸ் குறியீடுள்ள குழுவின் தரவை நீங்கள் கேட்டிருந்தால் அதற்கென்று ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள். வேறு தரவோடு சேர்த்துப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அதையும், அதனால் பங்கேற்பாளர்களுக்குக் கூடுதல் ஆபத்து வருமா என்பதையும் சொல்லுங்கள். விடுபட்ட வேரியன்ட்களைக் கணித்து நிரப்பும் வெளி இம்ப்யூட்டேஷன் சர்வருக்கு ஜீனோடைப்பை ஏற்றும் எண்ணம் இருந்தால் இங்கேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் ஏற்றினால் அது அனுமதியற்ற பகிர்வு.

ஒரே திட்டத்தில் பல குழுக்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் அதற்குரிய என்ஐஎச் தரவு அணுகல் குழுவிடம் தனித்தனியாகப் போகும். ஒன்று சரி என்று வந்து மற்றொன்று திருத்தம் கேட்டு வருவது இயல்பு. கையில் கிடைத்த எல்லாவற்றையும் டிக் செய்து வைக்காதீர்கள். தேவையை நியாயப்படுத்த 2,200 எழுத்து போதாது.

8. அனுப்பிய பின்

பி.ஐ. "அனுப்பு" என்று அழுத்தியதும் விண்ணப்பம் என்ஐஎச்சுக்குப் போவதில்லை. கையொப்ப அதிகாரியின் பெட்டிக்குப் போகும். அவருக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கலாம். அன்றே நேரில் போய், அவர் உள்நுழைந்து கையொப்பமிடும் வரை பக்கத்தில் இருங்கள். அதன் பிறகு அணுகல் குழு சில வாரம் எடுக்கும். திருத்தம் கேட்டால் மறுபடியும் இதே சுற்று, மறுபடியும் அதிகாரியின் கையொப்பம்.

அனுமதிக்கு ஆயுள் ஒரு வருடம். தேதி அனுமதி நாளிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் தரவை இறக்கிய நாளிலிருந்து அல்ல. வட்டு வாங்கும் டெண்டர் இன்னும் முடியவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதே மேல்.

9. இறக்குதல்

முதலில் கணக்கு. நூறு எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 10 டெராபைட் இறங்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். வளாக இணைப்பு முழு வேகத்தில் ஓடாது. முப்பது மடங்கு ஆழமுள்ள முழு ஜீனோம் பாம் கோப்பு ஒன்று 100 ஜிபியைத் தொடலாம். அதன் சுருக்கிய வடிவமான கிராம் அதைவிடச் சிறியது. புரதங்களுக்கான பகுதிகள் மட்டும் உள்ள எக்ஸோம் சில ஜிபியில் அடங்கும். எனவே முழுத் தொகுப்பையும் இழுக்காமல் உங்களுக்கு வேண்டிய சாம்பிள்களை மட்டும் தளத்தின் ரன் செலக்டர் என்ற தேர்வுக் கருவியில் பொறுக்குங்கள். வேரியன்ட் பட்டியலாகவே விசிஎஃப் கோப்பு கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பல கேள்விகளுக்கு அது போதும்.

திட்டத்துக்கு ஒன்று என்று என்ஜிசி சாவிக் கோப்பு கிடைக்கும். அதை கிட்ஹப்பிலோ வாட்ஸாப்பிலோ போட்டுவிடாதீர்கள். தரவை இறக்கும் மென்பொருள் தொகுப்பான எஸ்ஆர்ஏ டூல்கிட்டின் ப்ரீஃபெட்ச் கட்டளைக்கு அந்தச் சாவியைக் கொடுத்தால் இறங்கத் தொடங்கும். வழக்கமாக மூன்று இடத்தில் நிற்கும்:

ஒன்று, ப்ரீஃபெட்ச்சின் இயல்பான உச்சவரம்பு 20 ஜிபி. அதைவிடப் பெரிய கோப்பைத் தாண்டிப் போய்விடும், பிழை என்று பெரிதாகக் கத்தாது. உச்சவரம்பு விருப்பத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

இரண்டு, இறங்கும் இடம். மாற்றாவிட்டால், பதிப்பைப் பொறுத்து உங்கள் ஹோம் அடைவிலோ கட்டளையை ஓட்டும் அடைவிலோ கோப்புகள் சேர்ந்து ஒதுக்கீடு நிரம்பிவிடலாம். டூல்கிட்டின் அமைப்புக் கருவியான விடிபி-கான்ஃபிகில் பாதையை முதலிலேயே மாற்றுங்கள். அந்தப் பாதை என்கிரிப்ட் ஆன வட்டில் இருக்கட்டும்.

மூன்று, இறங்கிய கோப்பை ஃபாஸ்ட்க்யூ என்ற உரை வடிவத்துக்கு மாற்றும்போது இடம். அதற்கான ஃபாஸ்டர்க்யூ-டம்ப் கட்டளை ஓடும்போது தற்காலிகக் கோப்புகளையும் சேர்த்து மூலக் கோப்பைப் போல 17 மடங்கு இடம் வரை கேட்கும். தற்காலிக அடைவை வேறு வட்டுக்குத் திருப்புங்கள், முடிந்ததும் சுருக்குங்கள்.

எல்லாம் இறங்கியதும், கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று சோதிக்கும் விடிபி-வேலிடேட் ஓட்டுங்கள். அறுந்த கோப்பை அலைன்மென்ட் முடிந்தபிறகு கண்டுபிடித்தால் வாரக்கணக்கில் நஷ்டம்.

நோய் விவரக் கோப்புகள் தனியாக வரும்: டேப் பிரித்த உரைக் கோப்பு, மேலே ஹேஷ் குறியிட்ட விளக்க வரிகள். ஆர் மொழியில் படிக்கும்போது மேற்கோள் குறியை அணைத்துவிடுங்கள். மதிப்புக்குள் ஒரு ஒற்றை மேற்கோள் இருந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் ஒன்றாகச் சுருண்டுவிடும். வரி எண்ணிக்கையைப் பொதுப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆள் அடையாளமும் சாம்பிள் அடையாளமும் வேறு வேறு. ஒருவரே இரண்டு சாம்பிள் தந்திருக்கலாம். ஒருவரே இரண்டு ஆய்வில் இருக்கலாம். ஆளையும் சாம்பிளையும் இணைக்கும் கோப்பு தனியாக உண்டு. அது இல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள். விடுபட்ட மதிப்புக்கு 9, 999, -9 என்று ஆய்வுக்கு ஆய்வு வேறு எண் போட்டிருப்பார்கள். தரவு அகராதியைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் நோயாளிக்கு வயது 999 ஆகிவிடும்.

ஜீனோம் பில்டையும், அதாவது ஒப்பிடப் பயன்படுத்திய மாதிரி ஜீனோமின் பதிப்பையும் பாருங்கள். பழைய தொகுப்புகள் ஜிஆர்சிஎச்37-இல் இருக்கும், உங்கள் பைப்லைன் 38-இல் இருக்கும். குரோமோசோம் பெயருக்கு முன்னால் "சிஎச்ஆர்" என்ற முன்னொட்டு இருக்கிறதா இல்லையா என்பதில்கூட இரண்டு கோப்புகளின் இணைப்பு வெறுமையாக முடியும், பிழைச் செய்தி வராது.

10. அனுமதிக் காலத்திலும் முடிவிலும்

தரவிலிருந்து நீங்கள் உருவாக்கிய தனிநபர் அளவிலான எதுவும், இம்ப்யூட் செய்த ஜீனோடைப் உட்பட, மூலத் தரவுக்குள்ள அதே கட்டுப்பாட்டில்தான் இருக்கும். அவற்றைக் கட்டுரையின் துணைக் கோப்பில் போடக் கூடாது. சாட்பாட்டில் ஒட்டிப் பிழை கேட்பதும் பகிர்வுதான். இந்தத் தரவில் பயிற்சி தந்த ஜெனரேட்டிவ் ஏஐ மாடலையும் வெளியே பகிர 2025-இல் வந்த விதி தடுக்கிறது. சாவி கசிந்தாலும், மடிக்கணினி தொலைந்தாலும், தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள் அணுகல் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கைடிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டு திங்கள்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். என்ன செய்தீர்கள், என்ன வெளியிட்டீர்கள், மாநாட்டில் எங்கே பேசினீர்கள் என்று முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். எத்திக்ஸ் கடிதத்தின் தேதி முடிந்திருந்தால் அதுவும் புதிதாக வேண்டும். கட்டுரையில் பிஎச்எஸ் எண்ணையும், ஆய்வுப் பக்கத்தில் கொடுத்திருக்கும் நன்றி வாசகத்தையும் அப்படியே சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்தால் திட்டத்தை மூடும் படிவம். அதற்கு முன் எல்லாப் பிரதியையும் அழிக்க வேண்டும்: சர்வர், ஸ்க்ராட்ச் வட்டு, பேக்கப் டேப், கிளவுட் பக்கெட், ஊருக்குப் போன சீனியரின் வெளி வட்டு. தொகுப்பு முடிவுகளையும், வரைபடங்களையும், உங்கள் நிரல்களையும் வைத்துக்கொள்ளலாம். ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டு வைவாவுக்கு முன்பே மூடிவிடாதீர்கள். தேர்வாளர் கேட்கும் ஒரு கூடுதல் பகுப்பாய்வுக்காக மறுபடி 1-ஆம் படியிலிருந்து வர வேண்டியிருக்கும்.